மடக்கு வெண்கோலும் உருளும் முனையும்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டின் மதிப்பீடு

கார்பன் இழையால் செய்த ஐந்து குழாய்த் துண்டுகள், அவற்றின் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு, மேலே ரப்பர் கைப்பிடி, கீழே பேரிங்கில் சுழலும் நைலான் உருண்டை முனை. பொருள் இவ்வளவுதான். விரித்தால் 135 சென்டிமீட்டர் நீளம் வரும். மடித்தால் முன்கை அளவுக்குள் அடங்கிவிடும். பார்வையற்றவனான நான், வழியறிய உதவும் இந்த வகை வெண்கோலை இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் கூர்முனை வைத்த அலுமினியக் கோலோடு நடந்தவன் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஏறத்தாழ இதே அமைப்பில் பல நிறுவனங்கள் கோல்களைச் செய்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் காணும் வேறுபாட்டைக் காட்டிலும் வகைக்கு வகை காணும் வேறுபாடே பெரியது. ஆகவே நான் இங்கே வகையைத்தான் மதிப்பிடுகிறேன்.

புதிய கோல் வாங்குவதற்கு முன், ஏற்கெனவே வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வழியே கேட்டுவிடுவது என் வழக்கம். "தொங்கிக்கொண்டிருந்த பெட்டியில் நெற்றியை இடித்துக்கொண்டேன், கோல் காட்டவில்லை" என்றும், "நடைபாதை எங்கே முடிந்தது, சாலை எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை" என்றும், "வரிசைக்காகக் கட்டியிருந்த பட்டையில் சிக்கிக்கொண்டேன்" என்றும் எழுதி, கோலுக்கான மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை கோலின் குறைகள் அல்ல, அந்த இடத்தைக் கட்டியவர்களின் குறைகள். ஒரு கோலை நேர்மையாக மதிப்பிட வேண்டுமானால் எது கோலின் பிழை, எது தரையின் பிழை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த மதிப்பீடு நீண்டுபோனதற்கு அதுவே காரணம்.

வெண்கோல் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. வெள்ளை நிறம் பிறருக்கானது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் விபத்தொன்றில் பார்வையிழந்த ஒளிப்படக்காரரான ஜேம்ஸ் பிக்ஸ், வண்டி ஓட்டுபவர்களின் கண்ணில் படவேண்டும் என்பதற்காக 1921-இல் தம் கைத்தடிக்கு வெள்ளை பூசிக்கொண்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1931-இல், பாரிஸில் கில்லி தெர்பெமோன் என்ற பெண்மணி பார்வையற்றோருக்கு வெள்ளைத் தடிகளை வழங்கும் முயற்சியைத் தொடங்கினார். அந்தத் தடிகள் எல்லாம் "இவருக்குப் பார்வை இல்லை, ஒதுங்கிப் போ" என்று எதிரே வருபவருக்குச் சொல்லப் பிறந்தவை. பிடித்திருப்பவருக்கு அவை அதிகம் எதுவும் சொல்லவில்லை. கோலின் நீளம்தான் நமக்கானது. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்து திரும்பிய வீரர்களுக்கு 1944-இல் அமெரிக்காவின் வேலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனையில் பயிற்சியளித்த ரிச்சர்ட் ஹூவர், தடியை நீளமாக்கி எடையைக் குறைத்தார். மணிக்கட்டை உடலின் நடுவில் நிறுத்தித் தோளகலத்துக்குச் சற்று அதிகமாக இருபுறமும் கோலை வீசவும், இடக்கால் முன்னே போகும்போது முனை வலப்புறத்தைத் தொடவும் அவர் கற்றுக்கொடுத்தார். அடுத்த அடியில் வலக்கால் விழப்போகும் இடத்தைக் கோல் அதற்கு முந்தைய அடியிலேயே தொட்டுப் பார்த்துவிடுகிறது. இன்றும் நடமாட்டப் பயிற்சியில் இதுதான் முதல் பாடம்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை எல்லாம் இந்த முறையிலிருந்தே வருகின்றன. கோலின் முனை என் காலுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் முன்னால் இருக்கிறது. சாதாரண நடையில் நொடிக்கு 1.2 மீட்டர் கடக்கிறேன் என்று கொண்டால், பள்ளம் ஒன்றைக் கோல் தொட்ட நேரத்துக்கும் என் கால் அங்கே போய்ச் சேரும் நேரத்துக்கும் இடையில் ஒரு நொடிகூட இல்லை. அந்த ஒரு நொடிக்குள் அதிர்வு முனையிலிருந்து கைக்கு வந்து, நான் அதைப் புரிந்துகொண்டு நிற்கவும் வேண்டும். கார்பன் இழைக் கோல் இங்கேதான் தன் தகுதியைக் காட்டுகிறது. அலுமினியத்தைவிட எடை குறைவு என்பதால் மாலையில் மணிக்கட்டு வலிப்பதில்லை; அதைவிட முக்கியமாக, சொரசொரப்பான சிமெண்டுத் தரையும் வழவழப்பான கல்தரையும் மண்ணும் கையில் மூன்று தனித்தனி உணர்வுகளாக வந்து சேருகின்றன. ஒரே துண்டாக அமைந்த மடங்காத கோல் இதைவிடவும் தெளிவாகப் பேசும் என்பது உண்மைதான். ஒவ்வொரு இணைப்பும் அதிர்வில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஆனால் நெரிசலான வண்டியில் ஏறி உட்கார்ந்தபின் தோளுயரக் கோலை எங்கே வைப்பது என்று ஒருமுறை திண்டாடியவர்கள் மடக்குக் கோலைத்தான் வாங்குவார்கள்.

முனையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூர்முனையைத் தட்டித் தட்டி நடக்க வேண்டும். உருண்டை முனையைத் தரையிலிருந்து எடுக்காமலே இடமும் வலமும் உருட்டிக்கொண்டு போகலாம். தட்டி நடக்கும்போது ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் தொடப்படாத தரை எஞ்சுகிறது. கீழிறங்கும் படியின் விளிம்பும் நடைமேடையின் ஓரமும் அந்த இடைவெளியில் தப்பிவிடக்கூடும். தரையை விடாமல் தொட்டுச் செல்லும் முறை இப்படிப்பட்ட பள்ளங்களை இன்னும் நன்றாகக் கண்டுபிடிக்கிறது என்பது ஆய்வுகளிலும் தெரியவந்திருக்கிறது. என் அனுபவமும் அதுவே. கூர்முனை காலத்தில் தரையோட்டின் வெடிப்பில் முனை செருகி நின்றுபோக, வேகமாக நடந்துகொண்டிருந்த நான் சென்று கைப்பிடியில் வயிற்றைக் குத்திக்கொண்டது எத்தனை முறை என்று கணக்கு வைக்கவில்லை. வெண்கோல் பிடிக்கும் யாரைக் கேட்டாலும் வயிற்றைத் தடவிக்கொண்டு இதே கதையைச் சொல்வார்கள். உருண்டை முனை வந்தபின் அந்தக் குத்து அநேகமாக நின்றுவிட்டது.

இதில் இழந்ததும் உண்டு. கூர்முனை தரையில் பட்டால் எழும் 'டக்' என்ற ஒலி சுவரில் மோதித் திரும்பும். பக்கத்தில் சுவர் இருக்கிறதா, வாசல் திறந்திருக்கிறதா, தலைக்கு மேல் கூரை தொடங்கிவிட்டதா என்பதையெல்லாம் அந்த எதிரொலி சொல்லும். உருண்டை முனை எழுப்பும் 'கரகர' ஒலியில் அந்தச் செய்தி மங்கிவிடுகிறது. நீண்ட தாழ்வாரங்களில் எத்தனையாவது வாசல் என்று காதாலேயே எண்ணிப் பழகிய எனக்கு முதல் இரண்டு மாதங்கள் காது அடைத்ததுபோல் இருந்தன. இப்போது தேவைப்படும் இடத்தில் கோலைச் சற்றே தூக்கி ஒருமுறை தட்டிக்கொள்கிறேன். இது கோலின் உண்மையான குறை. இதற்காக மதிப்பெண் குறைக்கலாம்.

அடுத்தது, மேடுகள் பதித்த வழிகாட்டி ஓடுகளின் மேல் இந்த முனை எப்படி நடந்துகொள்கிறது என்பது. ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கிய இந்த ஓடுகள், 1967-ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள சாலைக் கடப்பில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று உலகின் பல நாடுகளில் காணப்படுகின்றன. இவற்றின் மொழி எளியது: நீளக் கோடுகள் என்றால் அந்தத் திசையில் நடக்கலாம், புள்ளிகள் என்றால் நின்று கவனிக்க வேண்டும். மேடுகளின் உயரம் சுமார் 5 மில்லிமீட்டர்தான். அந்த 5 மில்லிமீட்டரை உருண்டை முனை அழகாகப் படிக்கிறது. கோடுகளின் குறுக்கே போகும்போது சீப்பின் பற்களை விரலால் நெருடுவதுபோல் ஓர் அதிர்வு வருகிறது. புள்ளிகளின் மேல் அது சிதறலாக மாறுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. கூர்முனையை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது; அது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் முனை சரியாகப் படிப்பதால் மட்டும் பயனில்லை, தரையில் எழுதியிருப்பதும் சரியாக இருக்க வேண்டுமே. கோட்டு ஓடுகளை நம்பி நடந்து நேராக ஒரு விளக்குக் கம்பத்தில் போய் நின்றிருக்கிறேன். ஓரிடத்தில் தரையைத் தோண்டிக் குழாய் பதித்தவர்கள், மூடும்போது நான்கு ஓடுகளைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பதித்துவிட்டார்கள். பார்ப்பவருக்கு அது ஏதோ கோலமாகத் தெரிந்திருக்கும், எனக்கு அது "வலப்புறம் திரும்பு" என்ற கட்டளை. இன்னோர் இடத்தில் அழகுக்காகவே தரை முழுவதும் வரிவரியாகச் செதுக்கிய கல் பதித்திருந்தார்கள். எங்கு தொட்டாலும் கோடு என்றால் எங்கும் வழி இல்லை என்றுதானே பொருள்? மஞ்சள் நிறம் கண்ணை உறுத்துகிறது என்று சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிற ஓட்டையே பதிக்கும் கட்டடங்களும் உண்டு. பார்வையற்றவருக்கு நிறம் எதற்கு என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். வெண்கோல் பிடித்திருப்பவர்களில் பலருக்குக் கொஞ்சம் பார்வை இருக்கிறது. நிற வேறுபாடே அவர்களுக்குப் பாதி வழிகாட்டி என்பது வரைபடம் போட்டவருக்குத் தெரியவில்லை. நல்ல வேலைக்கும் ஒரு சான்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய இரயில் நடைமேடைகளில் விளிம்போரப் புள்ளி ஓடுகளின் உட்பக்கத்தில் மட்டும் ஒரு நீளக் கோடு ஓடுகிறது. தடுமாறித் திசை தெரியாமல் நிற்பவர், கோடு இருக்கும் பக்கம் நடைமேடை, இல்லாத பக்கம் தண்டவாளம் என்று அந்த ஒரு கோட்டைத் தொட்டே தெரிந்துகொள்ளலாம். யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

நடைபாதை முடியும் இடம் தனிக் கதை. சக்கர நாற்காலியில் செல்பவர்களின் நீண்ட கோரிக்கையால் நடைபாதை விளிம்புகள் பல நாடுகளில் சாய்தளங்களாக மாறின. அது நியாயமான வெற்றி. ஆனால் எங்களுக்கு அந்த விளிம்புதான் சாலையின் எல்லைக்கோடு. உருண்டை முனை, மெல்லச் சரியும் சாய்தளத்தில் எந்தத் தடங்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. கைக்கு ஒன்றும் தெரிவதில்லை. காதருகே வண்டி போகும்போதுதான் சாலையில் நிற்கிறோம் என்பது புரிகிறது. கூர்முனையும் இதைக் கண்டுபிடித்திருக்காது. சக்கர நாற்காலியில் செல்லும் என் நண்பன் ஒருமுறை, "நீ தேடுகிற விளிம்பில்தானடா நான் மாட்டிக்கொள்கிறேன்" என்று சிரித்தான். அவனுக்கும் எனக்கும் பகை ஒன்றுமில்லை. சாய்தளத்தின் அடியில் புள்ளி ஓடுகளை ஒரு பட்டையாகப் பதித்துவிட்டால் அவன் இறங்கிவிடுவான், நான் நின்றுவிடுவேன். அந்த ஒரு பட்டையை விட்டுவிட்டுச் சாய்தளத்தை மட்டும் கட்டிய இடங்களில்தான் "கோல் சாலையைக் காட்டவில்லை" என்ற புகார் பிறக்கிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. அதன் 20-ஆவது பிரிவு ஒருவர் தம் விருப்பப்படி நடமாடுவதையும் அதற்கான கருவிகளையும் பற்றிப் பேசுகிறது. 9-ஆவது பிரிவு கட்டடங்களும் சாலைகளும் போக்குவரத்தும் அனைவரும் அணுகத்தக்கவையாக இருப்பதைப் பற்றிப் பேசுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட முதன்மை உதவிப் பொருள்கள் ஐம்பதின் பட்டியலிலும் வெண்கோலுக்கு இடம் உண்டு. அதாவது, கோலைக் கையில் கொடுப்பது ஒரு கடமை, அந்தக் கோல் படிக்கக்கூடிய தரையை அமைப்பது இன்னொரு கடமை. முன்னது ஒரு மேடையில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்; அமெரிக்காவில் 1964-இல் தொடங்கி இன்று பல நாடுகளிலும் கடைப்பிடிக்கப்படும் அக்டோபர் 15 வெண்கோல் நாளன்று கைதட்டலோடும் முடியும். பின்னதற்குக் கைதட்ட யாரும் கூடுவதில்லை. சரியாகப் பதித்த ஓட்டை யாரும் கவனிப்பதே இல்லை அல்லவா?

உயரத்துக்கு வருவோம். வெண்கோல் தரையிலிருந்து ஏறத்தாழ இடுப்பு வரை இருப்பதைத்தான் காட்டும். எந்த விலையில் எந்த இழையில் செய்தாலும் இதுவே வரம்பு. அமெரிக்க அணுகல் தரநிலை இந்த வரம்பை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு விதி வகுத்திருக்கிறது: சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பொருளின் முன்விளிம்பு தரையிலிருந்து 685 மில்லிமீட்டருக்கு மேலும் 2030 மில்லிமீட்டருக்குக் கீழும் அமைந்தால், அது நடக்கும் பாதைக்குள் 100 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது. தீயணைப்புக் கருவிப் பெட்டி, வெளிப்புறம் திறக்கும் சன்னல் கதவு, பின்கதவைத் தூக்கி வைத்து நிற்கும் சரக்கு வண்டி, மாடிப்படியின் அடிப்பக்கம் ஆகியவை அனைத்தும் இந்த உயரத்துக்குள்தான் வருகின்றன. மாடிப்படியின் அடிப்பக்கம் மிக மோசமானது. கோல் முன்னே தடையின்றிப் போகும், நெற்றி பின்னே வந்து இடிக்கும். இதற்குத் தீர்வு மிகச் சிறியது. படிக்கட்டின் அடியில் ஒரு தாழ்வான கைப்பிடிக் கம்பியையோ செடித்தொட்டியையோ வைத்தால் கோல் அதைத் தொட்டு நிறுத்திவிடும். வரிசைக்காக இரண்டு தூண்களுக்கு நடுவே இழுத்துக் கட்டும் பட்டைகளும் அப்படியே. பட்டைக்கு அடியில் கோல் சுதந்திரமாகப் புகுந்துவிடும், நான்தான் சிக்கிக்கொள்வேன். கீழே இன்னொரு பட்டை இருந்தால் தொல்லை தீர்ந்தது. பாதி திறந்து நிற்கும் கதவும் ஓர் எதிரி. கோலின் வீச்சு கதவின் ஒரு பக்கத்தையும் பின் மறு பக்கத்தையும் கடந்துவிட, கதவின் விளிம்பு நேராக மூக்குக்கு வந்து சேரும். இது மட்டும் வீட்டிலும் நடக்கிறது, யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இந்த உயரக் குறையைப் போக்க மீயொலி உணரி பொருத்திய கைப்பிடிகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. மார்பளவில் ஏதேனும் வந்தால் கைப்பிடி அதிரும். ஒன்றை மூன்று மாதங்கள் இரவல் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தேன். தாழ்ந்த மரக்கிளைகளையும் சரக்கு வண்டிகளையும் அது சரியாகவே சொன்னது. ஆனால் கூட்டத்துக்குள் நுழைந்தால் எல்லாத் திசையிலும் மனிதர்கள், எனவே இடைவிடாத அதிர்வு. சிறிது நேரத்தில் கை அதைக் கேட்பதையே நிறுத்திவிடுகிறது. கைப்பிடி கனத்ததால் கோலின் சமநிலை மாறி முனையின் நுண்ணிய அதிர்வுகள் மங்கின. பேட்டரி தீர்ந்த நாளில் அது வெறும் பளுவான கோல். மரங்கள் அடர்ந்த, ஆள் நடமாட்டம் குறைந்த பாதையில் நாள்தோறும் போகிறவருக்கு இதைப் பரிந்துரைப்பேன். மற்றபடி, சுவரில் ஒரு பெட்டியைத் தாழ்த்திப் பொருத்தியிருந்தால் தீர்ந்திருக்கும் சிக்கலுக்கு நான் கைப்பிடியில் பேட்டரி சுமந்து ஈடுகட்டுகிறேன் என்ற எண்ணம் எனக்குக் கடைசிவரை நீங்கவில்லை.

சாலையைக் கடக்கும்போது கோலின் பங்கு சிறியது, காதின் பங்கே பெரியது. கடக்கும் இடத்துச் சிக்னல் கம்பத்தில் மெதுவான 'டிக்' ஒலி கேட்டால் கம்பம் எங்கே என்று தெரியும்; அது விரைவானால் கடக்கலாம் என்று தெரியும்; பொத்தானருகே அதிரும் அம்புக்குறி இருந்தால் எந்தத் திசையில் என்பதும் தெரியும். ஓசையற்ற மின்வாகனங்கள் பெருகியதும் இந்தக் காது ஏமாறத் தொடங்கியது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை இவ்வாகனங்கள் ஒலியெழுப்ப வேண்டும் என்ற ஐ.நா. வாகன ஒழுங்குவிதி 138 வந்தது 2016-இல். வேகம் கூடிய பிறகு சக்கரம் தரையில் உரசும் ஒலியே கேட்டுவிடும் என்பதுதான் அந்த வரம்புக்குக் காரணம். ஆனால் நடைபாதையில் குறுக்கே படுத்துக் கிடக்கும் மின் ஸ்கூட்டர்களுக்கு இந்த விதி உதவாது. உருண்டை முனை அதன் சக்கரத்தில் பட்டால் நல்லது. அதன் கைப்பிடித் தண்டுக்கு அடியில் புகுந்துகொண்டால் கோலும் நானும் சேர்ந்தே விழுவோம். இரண்டு முறை விழுந்திருக்கிறேன். இரண்டாம் முறை கோலும் உடைந்தது.

அதனால் உறுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுமினியம் வளையும், முழங்காலில் வைத்து நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். கார்பன் இழை வளையாது. தாங்கும் வரை தாங்கி, பிறகு நீளவாக்கில் பிளந்துவிடும், பிளந்த இழை கையில் முள்ளாக ஏறும். எனக்கு நான்காம் துண்டு பிளந்தது. அதை மட்டும் தனியே கேட்டபோது, துண்டுகளைத் தனித்தனியாக விற்பதில்லை, முழுக் கோலையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். முனையை மட்டும் மாற்றத் தரும் நிறுவனங்கள் துண்டையும் மாற்றத் தரலாமே என்ற என் கேள்விக்கு விடை வரவில்லை. இந்த வகைக் கோலின் ஆகப்பெரிய குறை இது என்பேன்.

பராமரிப்பில் மூன்றைக் கவனிக்க வேண்டும். முனை சொரசொரப்பான தரையில் எனக்கு ஐந்து மாதங்கள் வருகிறது. பேரிங்கில் மணலும் தலைமயிரும் சேர்ந்து சுழல்வது நின்றுபோனால் உருண்டை ஒரே பக்கமாகத் தேய்ந்து தட்டையாகிவிடும், ஆகவே வாரம் ஒருமுறை துடைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். எலாஸ்டிக் கயிறு ஒன்றரை ஆண்டில் தளர்ந்தது; கைப்பிடியின் மேல் முடிச்சை அவிழ்த்து இரண்டு விரற்கடை இழுத்துக் கட்டியதும் இணைப்புகள் மறுபடி இறுகின, அதிர்வும் தெளிந்தது. ஒளியைத் திருப்பும் வெள்ளைப் பட்டை உரியத் தொடங்கினால் நமக்குத் தெரியாது, பார்வையுள்ள யாரிடமாவது கேட்க வேண்டும். நிறத்தைப் பற்றி இன்னொன்று: அடித்துண்டு மட்டும் சிவப்பாக இருப்பது சில நாடுகளில் வழக்கமான வடிவம்; முழு நீளத்துக்கும் சிவப்பு வளையங்கள் இருந்தால், பிரிட்டன் போன்ற நாடுகளில் அது பார்வையோடு செவித்திறனும் குன்றியவர் என்பதைக் குறிக்கும். இணையத்தில் வாங்குபவர்கள் விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எந்தப் பொருள் மதிப்பீட்டிலும் வராத ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். உதவி செய்யும் நல்ல மனத்தோடு வருபவர்கள் கோலின் நுனியைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். நீளமான, மெல்லிய, வெண்ணிறக் கோல் என்பதால் அது கயிறுபோல் தோன்றுகிறதோ என்னவோ. அவர்கள் பிடித்த கணத்தில் எனக்குத் தரை மறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு இணைப்பு கழன்று கோல் துண்டுதுண்டாகத் தொங்கும். முழங்கையை நீட்டி, பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் போதும். மடக்குக் கோலுக்கே உரிய எதிர்ச்சிக்கலும் உண்டு: வண்டியில் உட்கார்ந்து கோலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டால், அடுத்த நிறுத்தம் எது என்று நான் கேட்கும்போது பக்கத்தில் இருப்பவர் எதிரே உள்ள பலகையைக் காட்டி "அதோ எழுதியிருக்கிறதே" என்கிறார். இப்போதெல்லாம் மடித்தாலும் மடியின் மேலேயே வைத்துக்கொள்கிறேன். வண்டியில் நிறுத்தங்களைக் குரலில் அறிவித்தால் அவரைத் தொந்தரவு செய்யவே வேண்டியிருக்காது. கோல் என்னை அலுவலக வாசல் வரை, வரிசை வரை, தொடுதிரை இயந்திரம் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. குரல் இல்லாத அந்த வழவழப்பான திரைக்கு முன்னால் எவ்வளவு நல்ல கோலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே, யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? முறையான நடமாட்டப் பயிற்சியை முடித்து, நாள்தோறும் நீண்ட தூரம் தனியே நடப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எடையும் அதிர்வும் முனையும் ஐந்துக்கு நான்கரை பெறும். புதிதாகப் பார்வையிழந்து முதல் கோல் வாங்குபவர் அலுமினியத்தில் தொடங்கட்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் கோல் எங்கெங்கோ மாட்டும், கார்பன் அதைத் தாங்காது. முனை மட்டும் முதல் நாளிலிருந்தே உருண்டையாக இருக்கட்டும். மணற்பாங்கான பாதையிலும் கரடுமுரடான மண்பாதையிலும் அதிகம் நடப்பவர்கள் பேரிங் இல்லாத அகன்ற முனையைப் பார்க்கலாம். உறுதிக்கும் உதிரித் துண்டு கிடைக்காமைக்கும் ஒன்றரை மதிப்பெண்ணைக் கழித்து, மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று தருகிறேன். படிக்கட்டின் அடியில் இடித்ததற்கும் சாய்தளத்தில் சாலைக்கு இறங்கியதற்கும் நான் எதையும் கழிக்கவில்லை.

உடைந்த கோலுக்குப் பதிலாக இதே வகையையே மீண்டும் வாங்கினேன், கூடவே இரண்டு உதிரி முனைகளையும். பழைய அலுமினியக் கோலைத் தூக்கிப் போடவில்லை. மடித்துப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். எந்த மூலையில் ஸ்கூட்டர் படுத்துக் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்.